தண்டனையின் கதை – 11: கடவுளைச் சாட்சிக்கு இழுக்காதே

மதத்தின் பெயரால் நடந்த கொடுந்தண்டனைகளை 18ஆம் நூற்றாண்டின் சிந்தனையாளர்கள் எதிர்த்து எழுதினார்கள். நீதிமன்றம் தேவாலயத்தை விட்டுப் பிரிந்தது. மனிதனை மனிதன் விசாரிக்கும் காலம் வந்தது. ஐரோப்பியச் சட்ட வரலாற்றைச் சுருக்கிச் சொல்பவர்கள் வழக்கமாக இப்படித்தான் சொல்கிறார்கள். கேட்க ஒழுங்கான கதை, ஆனால் ஆண்டுக்கணக்கு இடிக்கிறது. கடவுளிடமே தீர்ப்புக் கேட்கும் வழக்கம் ஐரோப்பாவின் குற்ற விசாரணையிலிருந்து விலகத் தொடங்கியது 1215இல். அதற்கு வழி செய்தவர்கள் தத்துவவாதிகளோ மன்னர்களோ அல்லர், ரோமில் போப்பாண்டவரின் லாத்தரன் பேராலயத்தில் கூடிய ஆயர்கள். அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்த காரணமும் இறையியல் காரணம். ஐரோப்பாவின் மனித நீதிமன்றம் மதத்தைத் தோற்கடித்துப் பிறந்ததல்ல, மதமே தன் மனச்சாட்சிக்குப் பயந்து ஒரு வேலையை உதறியதால் பிறந்தது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது. உதறப்பட்ட அந்த வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால், மதத் தண்டனை கொடியது, மதச்சார்பற்ற தண்டனை கருணையுள்ளது என்ற பழகிப்போன பிரிவினை நிற்காது.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். இரவில் நடந்த கொலை, சாட்சியில்லாத திருட்டு, சூனியம் போன்ற பழி ஒருவன்மேல் விழுகிறது. பார்த்தவர் யாருமில்லை, சத்தியம் செய்து தப்பிக்கும் அளவுக்கு அவனுக்கு ஊரில் நல்ல பெயரும் இல்லை. அப்படிப்பட்ட வழக்கு தெய்வச் சோதனைக்குப் போகும். குற்றம் சாட்டப்பட்டவன் 3 நாள் நோன்பிருப்பான். திருப்பலி நடக்கும். குருவானவர் இரும்பை மந்திரிப்பார். பழுக்கக் காய்ந்த அந்த இரும்பை வெறுங்கையில் ஏந்தி அவன் 9 அடி நடக்க வேண்டும். கையைத் துணியால் கட்டி முத்திரையிடுவார்கள். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்துப் பார்க்கும்போது புண் சுத்தமாக ஆறிவந்தால் நிரபராதி, சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. வெந்நீர்ச் சோதனையில் கொதிக்கும் கொப்பரைக்குள் கையை விட்டு அடியில் கிடக்கும் கல்லை எடுக்க வேண்டும். குளிர்நீர்ச் சோதனையில் ஆளைக் கட்டிக் குளத்தில் இறக்குவார்கள். மூழ்கினால் மந்திரித்த தண்ணீர் அவனை ஏற்றுக்கொண்டது, மிதந்தால் தள்ளிவிட்டது என்று பொருள். மூழ்கியவனைக் கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்துவிடுவார்கள். நிரபராதி என்று நிரூபித்துவிட்டுச் செத்துப்போவான் என்று உலவும் கேலிக்கு ஆதாரம் இல்லை. இந்தச் சடங்குகளில் இரண்டு விஷயங்கள் நம் வாதத்துக்கு முக்கியம். மந்திரிக்காத இரும்பு வெறும் இரும்பு, ஆகவே குருவானவர் இல்லாமல் சோதனை இல்லை. அவிழ்த்த கையைப் பார்த்து, இது ஆறிய புண், இது ஆறாத புண் என்று சொல்வதும் மனிதக் கண்தான்.

அந்தக் கண் எப்படிப் பார்த்தது என்பதற்கு ஓர் அபூர்வமான பதிவேடு இருக்கிறது. ஹங்கேரியின் வாரட் நகரப் பேராலயத்தில் (இன்று ருமேனியாவிலுள்ள ஒராடியா) 1208 முதல் 1235 வரை நடந்த இரும்புச் சோதனைகள் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. முழுமையாக நடந்து முடிந்த சோதனைகளில் பத்தில் ஆறு பேருக்கு மேல் தேறியிருக்கிறார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடித்தவர்களில் பாதிக்கு மேல் ஆறிய கையோடு வந்தார்கள் என்றால், குருமார்கள் இரும்பின் சூட்டிலோ புண்ணைப் பார்ப்பதிலோ தாராளம் காட்டியிருக்க வேண்டும். பொருளியல் அறிஞர் பீட்டர் லீசன் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். கடவுளை உண்மையாக நம்பும் குற்றவாளி சோதனைக்கு வரமாட்டான், முன்பே ஒப்புக்கொள்வான் அல்லது சமரசம் பேசுவான். துணிந்து வருபவன் பெரும்பாலும் நிரபராதி. அது தெரிந்தே குருமார்கள் அவனைத் தேறவிட்டார்கள் என்கிறார். கெட்டிக்கார விளக்கம்தான். எனக்கு இது சற்று அதிகமான கெட்டிக்காரத்தனமாகவும் படுகிறது, ஏனென்றால் சோதனைக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவனிடம் எப்போதும் இருந்ததில்லை. இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி 1166இல் கிளாரண்டனில் பிறப்பித்த ஆணைப்படி, ஒவ்வொரு வட்டாரத்திலும் 12 பேர் சத்தியம் செய்து கொலைகாரன், கொள்ளைக்காரன் என்று பெயரெடுத்தவர்களைச் சுட்டிக்காட்ட வேண்டும். சுட்டப்பட்டவன் நீர்ச் சோதனைக்குப் போயே ஆகவேண்டும். அதே ஆணையில் இன்னொரு விதியும் உண்டு. ஊரில் மிகக் கெட்ட பெயர் வாங்கியவன் சோதனையில் தேறினாலும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். கடவுள் விடுவித்தவனை மன்னன் கடல் கடத்துகிறான். நம்பிக்கை அப்போதே அரைமனதாகத்தான் இருந்திருக்கிறது.

இங்கேதான் முதல் மறுப்பு எழும். மன்னர்களே நம்பவில்லை என்றால், இந்த முறையை ஒழித்தது உலகியல் அறிவுதானே, ஆயர்களுக்கு ஏன் பெருமை கொடுக்க வேண்டும்? மறுப்பவர்களிடம் நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. ஹென்றிக்கு இரண்டு தலைமுறை முந்தைய இங்கிலாந்து மன்னன் வில்லியம் ரூபஸின் மான்களை வேட்டையாடியதாக 50 பேர்மீது வழக்கு. ஐம்பது பேரும் இரும்புச் சோதனையில் காயமின்றித் தேறினார்கள். கடவுளை நீதிபதி என்று இனி எவன் நம்புவான் என்ற பொருளில் மன்னன் சீறினான் என்று துறவி எட்மர் எழுதிவைத்திருக்கிறார். சிசிலியின் அரசனாகவும் பேரரசனாகவும் இருந்த இரண்டாம் பிரடெரிக், 1231இல் மெல்ஃபியில் வெளியிட்ட சட்டத்தொகுப்பில் தெய்வச் சோதனையைத் தடைசெய்தபோது இறையியலைத் தொடவே இல்லை. காய்ந்த இரும்பு காரணமில்லாமல் குளிர்ந்துவிடும் என்று நம்புவது இயற்கைக்கு விரோதம், சிரிப்புக்கிடம் என்பதே அவன் வாதம். ஆனால் வரிசையைப் பாருங்கள். பிரடெரிக் பேசியது லாத்தரன் முடிவுக்கு 16 ஆண்டு பிந்தி. சீறிய ரூபஸோ சோதனையை ஒழிக்கவில்லை. அவனுடைய தம்பியின் பேரனான ஹென்றி அதைச் சட்டத்தின் நடுத்தூணாக்கினான். முடிவுகளில் மன்னர்களுக்கு எரிச்சல் இருந்தது, முறையை விடத்தான் மனமில்லை. சாட்சியில்லாத வழக்கில் ஒருவனைத் தூக்கிலிடும் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள எந்த அரசு விரும்பும்?

பொறுப்பை ஏற்க மறுத்தவர்கள் பாரிஸின் இறையியல் ஆசிரியர்கள். சந்தேகம் அவர்களோடு தொடங்கியதும் அல்ல. 9ஆம் நூற்றாண்டிலேயே லியோன் பேராயர் அகோபார்டு தெய்வச் சோதனையைக் கண்டித்திருந்தார். அதே நூற்றாண்டில் ரீம்ஸ் பேராயர் ஹிங்க்மார் ஆதரித்து எழுதினார். ஆதரித்தவர்களும் வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார்கள். மனைவிமேல் சந்தேகம் கொண்ட கணவன் அவளைக் குருவிடம் அழைத்துவந்து கசப்பு நீர் குடிக்கவைக்கும் சடங்கு எண்ணாகமத்தில் இருக்கிறது. தானியேல் நூலில் எரிகிற சூளையிலிருந்து கருகாமல் வெளிவரும் 3 இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்த இழுபறியில் தராசைச் சாய்த்தவர் பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தைச் சேர்ந்த பீட்டர் கேன்டர். 1197இல் இறந்த இவர், சோதனை பொய்த்துப்போன கதைகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். அவற்றில் ஒன்று: எருசலேம் யாத்திரை போன இரண்டு ஆங்கிலேயர்களில் ஒருவன் மட்டும் ஊர் திரும்பினான். கூட வந்தவனைக் கொன்றுவிட்டான் என்று பழி. நீர்ச் சோதனையில் தோற்றான், தூக்கிலிட்டார்கள். கொஞ்ச நாளில் மற்றவன் உயிரோடு வந்து நின்றான். ஸ்பெயினிலுள்ள சந்தியாகப்பர் திருத்தலத்துக்குச் சுற்றிக்கொண்டு வந்ததால் தாமதமாம். ஒரே குற்றத்துக்கு மூவர் அதே இரும்பை ஒருவர்பின் ஒருவராக ஏந்தினால், கடைசி ஆளுக்கு இரும்பு ஆறியிருக்குமே, அது கடவுள் காட்டும் சலுகையா என்றும் பீட்டர் கேட்டார். விஞ்ஞானியின் கேள்வி போல இருக்கிறது. ஆனால் அவருடைய மைய வாதம் வேறு. தேவாலய உச்சியிலிருந்து குதித்துக்காட்டு என்று சாத்தான் சொன்னபோது, கடவுளைச் சோதிக்கலாகாது என்று இயேசு மறுத்தார் அல்லவா? ஊர்ப் பஞ்சாயத்துக்காக மாதாமாதம் அற்புதம் செய்யும்படி கடவுளைக் கட்டாயப்படுத்துவது அதே பாவம்தான். நம் தீர்ப்பின் சுமையைக் கடவுள்மேல் தள்ளிவிட நமக்கு என்ன உரிமை என்ற இந்தக் கேள்வி, பாரிஸில் படித்த ஒரு தலைமுறைக் குருமார்களுக்குள் ஊறியது. அங்கே படித்தவர்களில் ஒருவர் பின்னாளில் மூன்றாம் இன்னசென்ட் என்ற பெயரில் போப்பாண்டவரானார்.

1215 நவம்பரில் இன்னசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கத்துக்கு 400க்கு மேற்பட்ட ஆயர்களும் ஏறக்குறைய அதைப்போல இருமடங்கு மடாதிபதிகளும் வந்திருந்தார்கள். சங்கத்தின் 18ஆம் விதி குருமார்களின் கைகளில் இரத்தக்கறை படாமல் காப்பதற்கானது. மரண தண்டனை விதிக்காதே, அது நிறைவேறும் இடத்தில் நிற்காதே, அறுத்தும் சுட்டும் செய்யும் அறுவை வைத்தியத்தில் இறங்காதே என்று அடுக்கிவிட்டு, வெந்நீர், குளிர்நீர், காய்ந்த இரும்பு ஆகியவற்றை மந்திரிக்காதே என்றும் சொன்னது. தெய்வச் சோதனையைச் சட்டவிரோதம் என்று அறிவிக்கவில்லை. தேவையும் இல்லை. மந்திரிக்க ஆளில்லாவிட்டால் சோதனை தானாகவே அடங்கிவிடும். பீட்டர் பிரௌன் என்ற வரலாற்றாசிரியர், இந்த முறை ஏற்கெனவே சமூக மாற்றத்தால் உள்ளே உளுத்துப்போயிருந்தது, சங்கம் கடைசித் தட்டு மட்டுமே தட்டியது என்று 1975இல் வாதிட்டார். 1986இல் ராபர்ட் பார்ட்லெட் அதை மறுத்து, உயிரோடு இருந்த வழக்கத்தை ஒரு சிறு இறையியல் கூட்டம் திட்டமிட்டு ஒழித்தது என்று எழுதினார். என் பார்வையில் பார்ட்லெட் பக்கமே சான்று கனக்கிறது. இங்கிலாந்தில் 1219 ஜனவரியில், சிறுவன் மூன்றாம் ஹென்றியின் பெயரால் சுற்று நீதிபதிகளுக்குப் போன அரசாணை, தீ, நீர்ச் சோதனைகளை ரோமத் திருச்சபை தடுத்துவிட்டதைக் காரணமாகச் சொல்லியே தொடங்குகிறது. முறை முன்பே செத்திருந்தால் மாற்று என்ன என்று அரசு இப்படித் தடுமாறியிருக்காது. வாரட் பேராலயம் 1235 வரை இரும்பைக் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தது என்பதும் அதைத்தான் காட்டுகிறது. ரோமின் சொல் மெதுவாகப் போய்ச் சேர்ந்த இடத்தில் வழக்கம் நீடித்தது.

எல்லா நாட்டிலும் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. யாக்ஞவல்கிய ஸ்மிருதி துலை, தீ, நீர், நஞ்சு, தீர்த்தம் என்று 5 சோதனைகளைச் சொல்கிறது. சீதையின் தீப்புகுதலைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதும் அல்ல. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில், ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையை விட்டுத் தம்மை நிரூபிக்க வேண்டிய கைமுக்கு என்ற வழக்கம் 19ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. அங்கே அரசு தடுத்தது, ரோமில் திருச்சபை தடுத்தது. ஒழிந்த விதம் வேறாக இருந்ததால் பின்விளைவும் வேறு. சுசீந்திரத்தில் கைமுக்கு நின்றபோது பக்கத்திலேயே வேறு நீதிமன்றங்கள் இயங்கிக்கொண்டிருந்தன. 1215க்குப் பிறகு ஐரோப்பாவில், சாட்சியில்லாத பெருங்குற்றத்தை விசாரிக்கக் கைவசம் எதுவும் இல்லை.

அந்த வெற்றிடத்தின் அளவை 1219 ஆணையே காட்டுகிறது. பெருங்குற்றம் செய்ததாக வலுவாகச் சந்தேகிக்கப்படுபவர்களைச் சிறையில் வையுங்கள், ஆனால் உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்து வரக்கூடாது. நடுத்தரக் குற்றமானால் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லுங்கள். சிறு குற்றமானால் ஜாமீன் வாங்கிக்கொண்டு விடுங்கள். மற்றதை உங்கள் விவேகப்படி செய்யுங்கள். ஓர் அரசு தன் நீதிபதிகளுக்கு எழுதிய மிக நேர்மையான கடிதங்களில் இது ஒன்று என்பேன். நீதிபதிகள் கைக்கு எட்டியதை எடுத்தார்கள். பழி சுமத்துவதற்காகச் சத்தியம் செய்துவந்த ஊர்க்காரர்களையே, இவன் குற்றவாளியா இல்லையா என்றும் சொல்லவைத்தார்கள். இன்று நாம் அறிந்த ஜூரி விசாரணை இப்படித்தான் வந்தது, ஏறக்குறைய விபத்துப் போல. கடவுளின் தீர்ப்புக்கு யாரும் சம்மதம் கேட்டதில்லை; 12 அண்டைவீட்டாரின் தீர்ப்புக்கு மட்டும் குற்றம் சாட்டப்பட்டவனின் சம்மதம் தேவைப்பட்டது. சம்மதிக்காதவனை என்ன செய்வது? 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் அவனைக் கொடுஞ்சிறையில் போடச் சொன்னது. அது நாளடைவில், ஆளைத் தரையில் கிடத்தி மார்பின்மேல் கல்லும் இரும்பும் ஏற்றி, சம்மதிக்கும் வரை அல்லது சாகும் வரை நசுக்கும் வழக்கமாக மாறியது. தீர்ப்பில்லாமல் செத்தால் சொத்து அரசுக்குப் பறிபோகாது என்பதால், பிள்ளைகளுக்காகச் சிலர் அந்தச் சாவையே தேர்ந்தெடுத்தார்கள். இந்த வழக்கம் சட்டப்படி முடிந்தது 1772இல். இதில் மதச் சடங்கு எதுவும் இல்லை. முழுக்க முழுக்க அரச நீதிமன்றத்தின் கண்டுபிடிப்பு.

ஐரோப்பாவின் பெருநிலம் எடுத்த வழி இதைவிடக் கொடியது. போலோன்யாவில் ரோமானியச் சட்டம் படித்த நீதிபதிகள் ஊர்க்காரர்களின் ஊகத்தை ஏற்கவில்லை. கடவுள் கொடுத்த தீர்ப்பின் இடத்தில் வரும் மனிதத் தீர்ப்பு, நீதிபதியின் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லாத அளவு உறுதியாக இருக்க வேண்டும் என்றார்கள். நேரில் கண்ட 2 சாட்சிகள், அல்லது குற்றவாளியின் ஒப்புதல். இரண்டும் இல்லையென்றால் மரண தண்டனை இல்லை. படிக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு இதைவிடப் பாதுகாப்பான விதி இருக்க முடியாது என்று தோன்றும். கொலைகாரர்கள் இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு கொலை செய்வதில்லை என்பதால், எஞ்சியது ஒப்புதல் ஒன்றே. ஒப்புதலைப் பெறும் வழி சித்திரவதை. 1532இல் ஐந்தாம் சார்லஸ் பேரரசன் வெளியிட்ட கரோலினா சட்டத்தொகுப்பு இதைப் பச்சையாக எழுதிவைத்தது. சூழ்நிலைச் சான்று எவ்வளவு வலுவாக இருந்தாலும் அதை வைத்துத் தண்டிக்க முடியாது, சித்திரவதைக்கு உட்படுத்தத்தான் முடியும். சான்றுக்கு இத்தனை உயர்ந்த அளவுகோல் வைத்ததன் நேரடி விளைவுதான் சித்திரவதைக்கூடம். சட்ட வரலாற்றாசிரியர் ஜான் லாங்பைன் இதை விரிவாக நிறுவியிருக்கிறார். அவரைப் படித்தபின் 'கண்டிப்பான சான்று விதி' என்று யாராவது புகழும்போது சற்றுத் தயங்கத் தோன்றுகிறது.

இரண்டாவது மறுப்பு இங்கே வரும், அது முதலாவதைவிட வலுவானது. திருச்சபையை இப்படி மனச்சாட்சியின் காவலனாகக் காட்டலாமா? அதே லாத்தரன் சங்கத்தின் 3ஆம் விதி, மதத்துரோகிகளை உலகியல் அதிகாரிகளிடம் தண்டனைக்கு ஒப்படைக்கச் சொன்னது. 8ஆம் விதி, வழக்குத் தொடுப்பவர் இல்லாமலே நீதிபதி தானாக விசாரிக்கும் முறைக்கு வடிவம் கொடுத்தது. இன்க்விசிஷன் அந்த அடித்தளத்தின்மேல்தான் எழுந்தது. 68ஆம் விதி யூதர்களும் முஸ்லிம்களும் உடையால் பிரித்தறியப்பட வேண்டும் என்றது. 1252இல் போப்பாண்டவர் நான்காம் இன்னசென்ட், மதத்துரோகிகளைச் சித்திரவதை செய்ய அனுமதி அளித்தார். கையில் இரத்தம் படாமல் பார்த்துக்கொண்டவர்கள் அடுத்தவன் கையை இரத்தத்தில் முக்கினார்கள். இதில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் 1252ஆம் ஆண்டு ஆணைக்கு முன்பே, 1228இல், வெரோனா நகரத்தின் சட்டத்தொகுப்பில் சித்திரவதைக்கு இடம் இருக்கிறது. வெரோனாவில் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் குருமார்கள் அல்லர், நகராட்சிக்காரர்கள். திருடர்களிடமும் கொள்ளைக்காரர்களிடமும் நகரங்கள் செய்வதையே மதத்துரோகிகளிடமும் செய்யலாம் என்பதே போப்பாண்டவரின் வாதமும். திருச்சபை கறைபடாதது என்று நான் வாதிடவில்லை. கறையை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒதுக்குவதற்குச் சான்று இடம்கொடுக்கவில்லை என்கிறேன்.

சட்டத்தில் இன்று மிகவும் உலகியலானதாகத் தெரியும் விதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை' என்று நம் நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். நியாயமான சந்தேகம் இருக்கும்வரை தண்டிக்கக்கூடாது என்ற இந்த விதி, குற்றம் சாட்டப்பட்டவனைக் காக்கப் பகுத்தறிவு வகுத்தது என்றே பலரும் நினைப்போம். ஜேம்ஸ் விட்மன் 2008இல் எழுதிய நூலில் வேறொரு தடத்தைக் காட்டினார். அநியாயமாக ஒருவனைத் தூக்குக்கு அனுப்பும் ஜூரி தன் ஆன்மாவைக் கொலைப்பாவத்தில் இழப்பான் என்பது இடைக்கால இறையியலின் பயம். சந்தேகம் இருக்கும்போது பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடு என்று பாவசங்கீர்த்தனம் கேட்ட குருமார்கள் புகட்டிய நெறி, பல நூற்றாண்டு கடந்து, 1770இல் பாஸ்டன் படுகொலை வழக்கிலும் 1780களில் லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்திலும் ஜூரிகளுக்குச் சொல்லப்பட்ட அறிவுரையாக வெளிப்படுகிறது. அப்படியானால் இந்த விதி முதலில் காத்தது கூண்டில் நின்றவனை அல்ல, தீர்ப்புச் சொன்னவனை. விட்மனின் முழுச் சங்கிலியையும் எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்கவில்லை. இடையில் சில கண்ணிகள் மெலிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் சுவிசேஷத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் செய்த 12 பேரை உலகியல் நீதிமன்றத்தின் தொடக்கம் என்று நாம் சொல்லும்போது, அவர்கள் நரகத்துக்குப் பயந்தவர்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

இத்தனையும் கடந்துதான் 1764க்கு வருகிறோம். மிலான் நகரப் பிரபுக் குடும்பத்து இளைஞன் செசாரே பெக்காரியா, குற்றங்களும் தண்டனைகளும் பற்றிய தன் சிறுநூலைப் பெயர் போடாமல் லிவோர்னோவில் அச்சிட்டபோது அவனுக்கு வயது 26. குற்றத்தின் அளவைச் சமூகத்துக்கு விளைந்த தீங்கைக் கொண்டே அளக்க வேண்டும், பாவத்தின் கனத்தைக் கொண்டு அளக்கக்கூடாது என்றான். அதற்கு அவன் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. பாவத்தின் கனம் இதயத்தின் ஆழத்தைப் பொறுத்தது, அது கடவுளுக்கு மட்டுமே தெரியும். அதை அளக்கத் துணியும் மனிதன், கடவுள் மன்னிக்கும் இடத்தில் தண்டித்துவிடக்கூடும். பீட்டர் கேன்டர் இதை வாசித்திருந்தால் பெரிதாக மறுத்திருக்க மாட்டார். 1766இல் ரோம் இந்த நூலைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. சித்திரவதையைத் தாக்கும் அத்தியாயத்தில் பெக்காரியா, அது தீயாலும் கொதிநீராலும் கடவுளின் தீர்ப்பைக் கேட்ட பழங்காலத்தின் மிச்சம் என்றான். உடலின் வலியை வைத்து உண்மையைக் கறக்கும் தந்திரம் இரண்டுக்கும் பொது என்பது அவன் பார்வை. ஒற்றுமையைச் சரியாகவே பிடித்தான். வரலாற்று வரிசை மட்டும் அவன் சொன்னதற்கு நேர்மாறானது. தெய்வச் சோதனையின் மிச்சமாகச் சித்திரவதை தங்கிவிடவில்லை. சோதனை மூடப்பட்ட இடத்தில், அதன் வேலையைச் செய்யப் படித்த நீதிபதிகள் புதிதாகக் கொண்டுவந்த ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை மூடும் வேலை பெக்காரியாவுக்கு முன்பே பிரஷ்யாவில் தொடங்கிவிட்டது. 1740இல் அரியணை ஏறிய சில நாட்களிலேயே இரண்டாம் பிரடெரிக் பெரும்பாலான வழக்குகளில் சித்திரவதையை நிறுத்தினான். அந்த அரசனும் அவனுடைய நீதிபதிகளும் ஒப்புதல் இல்லாமல் தண்டிக்க எப்படித் துணிந்தார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)